பிடிமண்ணுக்குச் சான்று

இணையத்தில் எல்லோரும் கூடி எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் நான் நிர்வாகி. நிர்வாகி என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். சம்பளமில்லாத வாட்ச்மேன் உத்தியோகம் அது. சுவரில் கிறுக்கியதை அழிப்பது, சண்டை போடுகிறவர்களைப் பிரித்து உட்கார வைப்பது, அடங்காவிட்டால் கேட்டைப் பூட்டுவது, இவ்வளவுதான். இதற்குள் வந்ததும் ஓர் எரிச்சலில்தான். மும்பைத் தமிழர்களின் அக்ரகாரமான மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். கிங்ஸ் சர்க்கிளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை இருந்தது. அது அந்தக் காலத்து ராஜாக்கள் குதிரை பழகிய மைதானம் என்று யாரோ ஒரு மகானுபாவர் எழுதி வைத்திருந்தார். திலக் நகரிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியில், ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடியே போனில் அதைத் திருத்தினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆபீசில் எனக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பிரிவு. பில் எங்கே, சர்டிஃபிகேட் எங்கே என்று நாள் முழுவதும் கேட்டுக் கேட்டு என் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் இவருக்குத் தலைவலி வந்தால்கூட டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்பேன் என்று கேலி செய்வார். கேட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

கலைக்களஞ்சியத்தின் சட்டம் எளிது. உனக்குத் தெரிந்ததை எழுதாதே, அச்சில் வந்ததை எழுது. யார் சொன்னது என்று சொல். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடு, தீர்ப்புச் சொல்லாதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், எந்த ராஜா எந்த ஜாதி என்று அடித்துக்கொள்கிறவர்களும், எந்த நடிகர் படம் எத்தனை நாள் ஓடியது என்று அடித்துக்கொள்கிறவர்களும்தான் என் சாயங்காலங்களைத் தின்றார்கள். ஒருவர் எழுதுவார். மற்றவர் அதை அழித்துப் பழையபடி ஆக்குவார். அவர் மறுபடி எழுதுவார். எங்கள் பாஷையில் இதற்குத் தொகுப்புப் போர் என்று பேர். போர் செய்கிற இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது. பிடிக்காமல் இருப்பது நல்லது என்றும் நினைத்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு எரிச்சல் வந்தால் நாம் நடுவில் நிற்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் தாராவிக் கோயில் கட்டுரை என் தலையில் விழுந்தது.

நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கட்டிய அம்மன் கோயில் அது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அர்ச்சகருக்கு இடமிருக்காது, அவ்வளவு சின்னக் கோயில். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கொடை விழா என்றால் சந்து கொள்ளாது. கொடையைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்திருந்ததால் கட்டுரை நீக்கப்படாமல் பிழைத்தது. சின்னக் கட்டுரை. அதில் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் தகராறு. பிடிமண் கொண்டுவந்தவர் யார்?

பிடிமண் என்றால், ஊரில் இருக்கும் மூலக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து, புது ஊரில் அதை வைத்துச் சாமியை நிலைநிறுத்துவது. மண் வந்தால் அம்மன் வந்தாயிற்று. மண்ணைக் கொண்டுவந்தவர் குடும்பத்துக்குத்தான் கொடையில் முதல் மரியாதை. முதல் பரிவட்டத்தை அவர் தலையில்தான் கட்டுவார்கள். ஆக அந்த வாக்கியம் வரலாறு அல்ல, பட்டா.

மூன்று பேர் அந்தப் பட்டாவுக்கு அடித்துக்கொண்டார்கள். பயனர் பெயரில் சிங்கம் வைத்திருந்த ஒருவர், கொண்டுவந்தது தன் தாத்தா என்றார். பயனர் பெயரில் வேல் வைத்திருந்த இன்னொருவர், தன் பெரியப்பா என்றார். மூன்றாவது ஆளுக்குக் கணக்கே கிடையாது. கணக்குத் தொடங்காமல் எழுதுகிறவர்களுக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்தான் தெரியும். அந்த எண்கள் வேறொருவர் பேரை எழுதும். சிங்கம் எழுதியதை வேல் அழிக்கும், வேல் எழுதியதைச் சிங்கம் அழிக்கும். எண்கள் எழுதியதை மட்டும் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அழிக்கும். கொடை நெருங்க நெருங்க வேகம் கூடியது. என்ன அவசரம் இவர்களுக்கு என்று எனக்குப் புரியவில்லை.

எரிச்சலாக வந்தது. மூன்று பேரையும் தூக்கிக் கடாசினேன். "பிடிமண் கொண்டுவந்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்துக்கும் அச்சில் ஆதாரம் இல்லை என்பதால், பக்கத்திலேயே "சான்று தேவை" என்ற முத்திரையைப் போட்டேன். சந்தேகமான வாக்கியங்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அதைப் போடுவது வழக்கம். பிறகு பக்கத்தைப் பூட்டிவிட்டு வெண்டைக்காய் வாங்கப் போனேன்.

கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. வாதங்களை அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய அன்றே எண்கள் அங்கே எழுதின. "மேடம், நீங்கள் கேட்கும் சான்று பாண்டுப்பில் என் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டுமானால் ஆதார் கார்டு அனுப்புகிறேன்." கீழே ஒரு போன் நம்பர். பொது இடத்தில் சொந்த நம்பர் எழுதக் கூடாது என்று அதை அழித்தேன். அழிப்பதற்கு முன் ஏனோ என் போனில் குறித்துக்கொண்டேன். பதிலுக்குச் சான்றுகள் பற்றிய விதிப் பக்கத்தின் சுட்டியை மட்டும் கொடுத்தேன். ரசம் சாதம் சாப்பிடுகிறவரை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது?

கொடை நடந்தது. பத்து நாள் கழித்து வேலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நேரில் பேச வேண்டுமாம், சிங்கமும் வருவாராம், மாட்டுங்காவிலேயே வைத்துக்கொள்ளலாமாம். நான் மாட்டுங்காக்காரி என்று என் பயனர் பக்கத்திலேயே பெருமையாக எழுதி வைத்திருந்தேன், யாரைக் குறை சொல்ல?

"உனக்கெதுக்குடி இந்த வம்பு? அடிக்க வந்தா என்ன பண்ணுவே?" என்றார் இவர்.

"பூரி மசால் சாப்பிடற இடத்துல யாரு அடிப்பா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிங்ஸ் சர்க்கிளில் அந்தப் பூரி மசால் ஓட்டலில் இடம் கிடைப்பதே தவம். எப்படியோ ஒரு மூலை கிடைத்தது. இவர் பக்கத்து மேஜையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கத்துக்கு அறுபது வயதிருக்கும். தாராவியில் ஹார்டுவேர் கடை, நெற்றி நிறைய விபூதி. வேலுக்கு நாற்பத்தைந்து இருக்கலாம். தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கோயில் கமிட்டி உடைந்து இரண்டானதிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். என் மேல் புகார் சொல்ல ஒரே டாக்ஸியில் வந்திருந்தார்கள்.

சிங்கம்தான் ஆரம்பித்தார். அந்தச் சந்தில் வருடா வருடம் மைக் பிடிப்பவர் ஒரு தையல்காரர். கோயில் வரலாறு அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. போனில் எங்கள் கலைக்களஞ்சியத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே வாசித்துவிடுவார். அதனால்தான் கொடைக்கு முன்னால் அவ்வளவு போர். அன்றைக்குக் கட்டுரையில் யார் பேர் இருக்கிறதோ அதுதான் ஒலிபெருக்கியில் வரும். இந்த வருடம் என் வாக்கியம் வந்திருக்கிறது. அதுவும் முழுதாக வந்திருக்கிறது.

"'பிடிமண் கொண்டுவந்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, சான்று தேவை'ன்னு கத்துதான் எக்கா அவன்! அதே ராகத்துல! சாமியாடி ஆட்டத்த நிறுத்திட்டு அவனப் பாக்காரு. சந்தே சிரிக்குது. எங்க மானம் மரியாத எல்லாம் ஏக்தம் போச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. காபியைக் குடித்து மறைத்துக்கொண்டேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்றார் சிங்கம். "யாரு பேரையாவது போட்டுத் தொலைங்க. இவரு பெரியப்பா பேரக்கூடப் போடுங்க, நான் பொறுத்துக்கிடுதேன். தெரியாதுன்னு மட்டும் போடாதீய."

"ஒரு வருசம் அவியளுக்கு, ஒரு வருசம் எங்களுக்குன்னு மாத்தி மாத்திப் போட்டாலும் பரோபர், சரிதான்," என்றார் வேல்.

"இது என்ன குழாய்த் தண்ணியா, முறை வச்சுப் பிடிக்க?" என்றேன். பக்கத்து மேஜைப் பேப்பர் குலுங்கியது. "அது போகட்டும். மூணாவதா ஒருத்தர் பேர் வந்துண்டே இருந்ததே, அது யாரு?"

சிங்கம் ஸ்பூனைக் கீழே வைத்தார். "அவியளப் பத்திப் பேச வேண்டாம்."

"அவர் கொண்டுவரலைங்கறேளா?"

"அவிய நம்ம கூட இல்ல."

"நான் கேட்டது அதில்லை. கொண்டுவந்தாரா, கொண்டுவரலையா?"

"அது பழைய லஃப்டா எக்கா, விடுங்க," என்றார் வேல். "அவிய மவ ஒரு மராட்டிக்காரனக் கட்டிக்கிட்டா. ஊர்க்கூட்டம் போட்டு வெலக்கியாச்சி. வரி வாங்குறதில்ல."

வரி என்பது கொடைச் செலவுக்கு வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் பங்கு. கொடுக்க முடியாதவருக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம். கொடுக்க வந்தவரிடம் வாங்க மாட்டோம் என்றால்தான் அவர் ஊரில் இல்லை என்று ஆகும். அந்த வீட்டுக்கு வரி கேட்டுப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று தெரிந்தது.

"அச்சில வந்தது எதுவானாலும் கொண்டாங்கோ," என்றேன். "கமிட்டி பிரிஞ்ச பிறகு ஆளுக்கொரு விழா மலர் போட்டு ஆளுக்கொரு தாத்தா எழுதினது செல்லாது. ஒண்ணை ஒண்ணு அடிச்சுடறது. உரிமை யாரோடது, எப்படி வந்தது, காரணகாரியத்தோட இருக்கணும்."

கிளம்பும்போது சிங்கம் சொன்னார். "நீங்க மாட்டுங்கா ஆளுக. ஒங்களுக்கு இது வெளங்காது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் மொத மரியாத ஒங்களுக்குக் கேக்காமலே கெடைக்கும்லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வந்திருக்காது. நடுநிலை என்பது என் குணம் என்றே நினைத்திருந்தேன். எதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்காத வீட்டில் பிறந்தவளுக்கு நடுவில் நிற்பது சிரமமில்லை என்று அதற்கு முன் தோன்றியதில்லை. செம்பூர் பஸ்ஸில் ஏறின பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. இரண்டு பேரிடமும் நேராகக் கேட்டேன், இரண்டு பேரும் "அவர் கொண்டுவரவில்லை" என்று சொல்லவில்லை. நேராகக் கேட்டும் மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர், க்ளெய்ம் பிரிவில் இது பாலபாடம். ஆனால் அதைக் கட்டுரையில் எழுத முடியாது. நானே போய் விசாரித்துத் தெரிந்துகொண்டால் அது சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. கண்ணால் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

எண்களுக்குப் போன் போட்டேன். பெண் குரல். இத்தனை நாளும் முரட்டு ஆண்பிள்ளை ஒருவனைக் கற்பனை செய்து திட்டிக்கொண்டிருந்தேன். பாண்டுப்பில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாம். மராட்டிக்காரரைக் கட்டிக்கொண்ட மகள் இவள்தான். அம்மா காலமான பிறகு அப்பா இவளோடு இருக்கிறார்.

"பரிவட்டம் கிரிவட்டம் ஒண்ணும் வேண்டாம்க்கா," என்றாள். "வருசா வருசம் கொடையன்னைக்கு ஒரு ஆட்டோ புடிச்சி அப்பாவ அந்தச் சந்து முக்குக்குக் கூட்டிட்டுப் போவேன். உள்ள போவ மாட்டோம். ஆட்டோக்குள்ளயே உக்காந்து ஒலிபெருக்கியக் கேட்டுட்டுத் திரும்பிருவோம். அதுல ஒரு தடவ அவிய பேரு வரணும். அப்பாவுக்குக் காது மந்தமாயிட்டே வருது. முழுசாப் போறதுக்குள்ள கேக்கணும். என்னாலதான போச்சி? நாந்தான கொண்டாரணும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களைச் சமாளிப்பது என் வேலையில் தினப்படி பழக்கம்.

"சான்று இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றேன்.

"தெரியும்க்கா. விதிப் பக்கம் பூராவும் வாசிச்சிட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நாலு நாள் ஆச்சி."

வருடம் ஓடியது. வேறு போர்கள், வேறு பூட்டுகள். அடுத்த கொடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நான் கொடுத்திருந்த ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கூரியர் வந்தது. சிங்கத்தின் கமிட்டி வெளியிட்ட கொடை மலர். அரிசி மண்டி விளம்பரம், நகைக்கடை விளம்பரம், பேண்டு செட் விளம்பரம், இவற்றுக்கு நடுவில் "பிடிமண் உரிமை: ஒரு விளக்கம்" என்று இரண்டு பக்கக் கட்டுரை. வீடு திரும்பும் ரயிலில் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். தாத்தா கொண்டுவந்தார் என்று எழுதினால் சந்தில் இருக்கும் பெரியவர்களே சிரிப்பார்கள் என்று சிங்கத்துக்குத் தெரியும். நான் வேறு காரணகாரியம் கேட்டுத் தொலைத்தேன். ஆகவே அவர் வக்கீல் மாதிரி யோசித்திருக்கிறார். மண் கொண்டுவந்தவர் குடும்பம், மகள் வேற்று இனத்தில் மணம் செய்துகொண்டதால் ஊர்க்கூட்டத்தில் விலக்கப்பட்டது. அதே கூட்டத்தில் அவர்களுடைய உரிமை சிங்கத்தின் குடும்பத்துக்கு மாற்றித் தரப்பட்டது. ஆகவே வேல் குடும்பத்துக்கு இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. வேலைக் கவிழ்க்க எழுதியது. ஆனால் உரிமை மாறியது என்றால் யாரிடமிருந்து மாறியது என்று சொல்லியாக வேண்டுமே. சொல்லிவிட்டார். ஊர்ப் பேர், அப்பா பேர், அவர் பேர் எல்லாம் முழுசாக, தடித்த எழுத்தில்.

பேச்சுப் பக்கத்தில் வேல் கொதித்துப்போய் எழுதினார். "உரிமை யாருக்கும் மாற்றப்படவில்லை. பிடிமண் கொண்டுவந்தவரை விலக்கியதோடு அது பொதுவாகிவிட்டது." அதாவது இவரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்குக் கூத்தாடி நான்தான்.

ஒரு கோயில் தன்னைப் பற்றித் தானே வெளியிடும் மலர் பலமான சான்று அல்ல. ஆனாலும் "கோயில் மலர் இப்படிச் சொல்கிறது" என்று எழுத விதி அனுமதிக்கிறது. அங்கேதான் ஒரு முள். சான்றில் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்ள முடியாது. அப்பா மண் கொண்டுவந்தார் என்று எழுதினால், மகளின் கல்யாணத்தால் விலக்கப்பட்டார் என்றும் எழுத வேண்டும். அவளுடைய பேரைப் போட மாட்டேன், உயிரோடிருக்கும் தனிமனிதர்களைப் பற்றி அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் சந்தில் யாருக்குத்தான் தெரியாது? அதுவும் ஒலிபெருக்கியில் வரும்.

போனில் சொன்னேன். நீட்டி முழக்காமல் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம். யாரோ ஹிந்தியில் ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார்கள், பாஞ்ச் மினிட் என்று பதில் சொன்னாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். "எழுதுங்கக்கா. அப்பா மண்ணு கொண்டாந்ததும் நடந்துச்சி, நான் கல்யாணம் கட்டுனதும் நடந்துச்சி. ரெண்டுல எதுக்கும் நான் வெக்கப்படல."

எழுதினேன். அப்பா பேர், மலர் சொல்லும் காரணம், உரிமை மாறியது என்று மலர் கூறுவது, எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு. எத்தனையோ வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஒரு வாக்கியத்தைச் சேமித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். பூட்டையும் திறந்துவிட்டேன்.

திறந்த மூன்றாம் நாள் எண்கள் வந்து ஒரு வாக்கியம் சேர்த்தன. "அந்த மண்ணை ரயிலில் மும்பை வரை தன் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவர் அவருடைய மனைவி" என்று, மனைவியின் பேரோடு. எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு பாடுபட்டு ஒரு வாக்கியத்துக்குக் கால் வைத்துக் கொடுத்தால், மறுபடி ஆதாரமில்லாமல் ஒன்றா? உடனே போன் செய்தேன்.

"என்னம்மா இது? விதிப் பக்கம் வாசிச்சேன்னியே!"

"அப்பாதான்க்கா. நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். தப்புன்னுட்டாவ. 'நான் எங்கட்டி கொண்டாந்தேன்? எங்கையில பொட்டியும் பாயும்லா இருந்துச்சி. மண்ணு ஒங்கம்ம முந்தியில இருந்துச்சி. ரெண்டு ராத்திரி அவ அந்த முடிச்ச அவுக்கவேயில்ல. அவ பேரப் போடாம எம்பேர மட்டும் போட்டா அம்மன் கேப்பா'ன்னு சொல்லுதாவ. சாப்பிட மாட்டேங்காவ, எழுதுனாத்தான் சாப்பிடுவாவளாம்."

"சான்று?"

"அம்மாவும் இல்ல. அந்தச் சேலையும் இல்ல."

நான் அழித்திருக்க வேண்டும். அழிப்பதற்குத் தெம்பும் இருந்தது, விதியும் இருந்தது. ஆனால் விதியிலேயே இன்னொரு வழியும் உண்டு. யாருக்கும் கெடுதல் செய்யாத, யாரும் மறுக்காத வாக்கியத்தை உடனே அழிக்க வேண்டியதில்லை, முத்திரை போட்டுக் காத்திருக்கலாம். "சான்று தேவை" என்று போட்டேன். மறுக்க ஆளா இல்லை? சிங்கமும் வேலும் அந்தப் பக்கத்தைத் தினமும் வந்து பார்க்கிறவர்கள். ஒரு கமாவைக் கூட விடமாட்டார்கள். இரண்டு பேரும் வந்தார்கள். சிங்கம், மலரின் தேதியில் இருந்த பிழையைத் திருத்தினார். வேல், அதைத் திருத்தியதற்குச் சண்டை பிடித்தார். முந்தானை வாக்கியத்தை இரண்டு பேருமே தொடவில்லை.

கொடையன்று எனக்கு ஆபீஸ். மதியக் கொடை உச்சி வேளையில் நடக்கும். டிபன் டப்பாவைத் திறந்து முதல் கவளம் தயிர்சாதம் எடுக்கும்போது போன் அடித்தது. அவள்தான்.

"சந்து முக்குல ஆட்டோவுல இருக்கோம்க்கா. போன வெளிய நீட்டுதேன், கேளுங்க."

மேளச் சத்தம், குலவைச் சத்தம், ஏதோ லாரி ஹாரன். அதற்கு மேலே தையல்காரரின் குரல். ஒரே ராகத்தில் வாசித்துக்கொண்டே வந்தார். கோயில் அமைவிடம், திருவிழா, வரலாறு. பிறகு அவள் அப்பாவின் பேர், ஊர்ப் பேரோடு. பிறகு, மகள் வேற்று இனத்தில் மணம் செய்துகொண்டதால் குடும்பம் விலக்கப்பட்டது என்று மலர் கூறுகிறது என்பது. அந்த இடத்தில் மேளம்கூட நின்றுவிட்டது. நான் கவளத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு முந்தானை வாக்கியம், அவள் அம்மாவின் பேர். வாசித்தவர் மூச்சுவிடாமல் முடித்தார். "சான்று தேவை."

அட ராமா! இந்த மனுஷன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

போன வருடம் மாதிரி யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவியின் குரல் கேட்டது. மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளாக இருக்க வேண்டும், அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஏல, மைக்குக்காரா! என்னத்துக்குல சான்று? அதே வண்டியில அவ பக்கத்துல உக்காந்து வந்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கம்லா! தூங்கி விழுந்தா முடிச்சு அவுந்துரும்னு ரெண்டு ராத்திரியும் நாந்தான அவள எழுப்பி எழுப்பி விட்டேன்! சான்று கேக்கான், சான்று! எழுதிக்கோ எம்பேர!"

யாரோ குலவையிட்டார்கள். பிறகு பல பேர். மேளம் மறுபடி தொடங்கியது. நான் தயிர்சாதத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

"கேட்டுச்சாக்கா?" என்றாள்.

"கேட்டது. அப்பாவுக்கு?"

"நல்லாக் கேட்டுட்டு. அவிய பேரு வந்தப்ப பேசாம இருந்தாவ. அம்மா பேரு வந்ததும் ஆட்டோவ விட்டு எறங்கி நின்னுட்டாவ." மூச்சு வாங்கினாள். "அந்தப் பெரியம்ம சொன்னது சான்றுக்குப் போதுமாக்கா?"

"விதிப்படி போதாது," என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்களுக்குப் போதும்க்கா. வைக்கேன், அப்பா சந்துக்குள்ள நடந்து போறாவ."